அதிக வாக்கு வாங்கியபோது தோல்வி, குறைந்தபோது வெற்றி: திருவனந்தபுரத்தின் மும்முனைக் கணக்கு உங்களுக்கு ஏன் முக்கியம்?

முதலில் இரண்டு எண்களைப் பாருங்கள். 59,142 மற்றும் 55,837.

திருவனந்தபுரம் மாநகரின் தெற்குப் பகுதியில் இருக்கும் நேமம் சட்டமன்றத் தொகுதியில் மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் கட்சியின் வி. சிவன்குட்டி வாங்கிய வாக்குகள் இவை. 2016 தேர்தலில் 59,142 வாக்குகள் வாங்கித் தோற்றார். 2021 தேர்தலில் 55,837 வாக்குகள் வாங்கி ஜெயித்தார். அமைச்சரும் ஆனார்.

மூவாயிரத்துக்கும் மேல் வாக்கு குறைந்தவர் எப்படி வென்றார்? இது புரிந்துவிட்டால், இந்த ஆண்டு நடக்கவிருக்கும் கேரள சட்டமன்றத் தேர்தலில் பாதி புரிந்துவிடும். டெக்னோபார்க்கில் வேலை பார்க்கும் தமிழர்களுக்கு மட்டுமான விஷயம் இல்லை இது. சென்னையிலோ கோவையிலோ உட்கார்ந்து நம்ம ஊர்த் தேர்தலைக் கவனிப்பவர்களுக்கும் இதில் எடுத்துக்கொள்ள நிறைய இருக்கிறது.

முதலில் அடிப்படை: என்ன தேர்தல், எத்தனை இடம்?

கேரள சட்டமன்றத்தில் 140 இடங்கள். ஆட்சி அமைக்க 71 தேவை. இவற்றில் 14 பட்டியல் சாதியினருக்கும் 2 பழங்குடியினருக்கும் ஒதுக்கப்பட்டவை. தற்போதைய சட்டமன்றத்தின் பதவிக்காலம் 2026 மே 23-ல் முடிகிறது. அதற்குள் புதிய சட்டமன்றம் அமைய வேண்டும். தமிழ்நாட்டுக்கும் கிட்டத்தட்ட அதே நேரம்தான். 2021-ல் இரு மாநிலங்களுக்கும் ஏப்ரல் 6 என்ற ஒரே நாளில் வாக்குப்பதிவு நடந்தது உங்களுக்கு நினைவிருக்கலாம்.

திருவனந்தபுரம் மாவட்டத்தில் மட்டும் 14 தொகுதிகள். வடக்கே வர்க்கலையில் தொடங்கி, தெற்கே நம்ம கன்னியாகுமரி மாவட்டத்தை ஒட்டிய பாறசாலை வரை. 2021-ல் இந்த 14-ல் 13-ஐ இடது ஜனநாயக முன்னணி வென்றது. கோவளம் மட்டும் காங்கிரஸுக்குப் போனது.

கேரளத்தில் இரண்டு பெரிய கூட்டணிகள் உண்டு. மார்க்சிஸ்ட் கட்சி தலைமையிலான இடது முன்னணி ஒன்று. காங்கிரஸ் தலைமையிலான ஐக்கிய ஜனநாயக முன்னணி இன்னொன்று. முஸ்லிம் லீக் அதன் இரண்டாவது பெரிய கட்சி. மூன்றாவதாக பாஜக தலைமையிலான தேசிய ஜனநாயகக் கூட்டணி.

'மாறி மாறி ஆட்சி' பழக்கம் என்ன ஆனது?

1957-ல் ஈ.எம்.எஸ். நம்பூதிரிபாடு தலைமையில் கம்யூனிஸ்ட் அரசு தேர்தல் மூலம் அமைந்தது. 1959-ல் மத்திய அரசு அதைக் கலைத்தது. அதன்பின் கூட்டணிகள் கூடுவதும் பிரிவதுமாகப் பல ஆண்டுகள் போயின. 1982-லிருந்து ஒரு ஒழுங்கு வந்தது. ஒரு முறை காங்கிரஸ் கூட்டணி, அடுத்த முறை இடது முன்னணி. 1982, 1987, 1991, 1996, 2001, 2006, 2011, 2016 என்று எட்டுத் தேர்தல்களில் இதே கதைதான்.

நமக்கும் இது பழக்கமான கதையே. எம்.ஜி.ஆர். மறைவுக்குப் பிறகு தமிழ்நாடும் ஐந்தாண்டுக்கு ஒருமுறை மாற்றிப் போட்டது. 2016-ல் ஜெயலலிதா அந்தப் பழக்கத்தை உடைத்தார். கேரளத்தில் அதைச் செய்தவர் பினராயி விஜயன். 2021-ல் இடது முன்னணி 99 இடங்களுடன் மீண்டும் வந்தது. காங்கிரஸ் கூட்டணிக்கு 41. பாஜகவுக்கு ஒன்றுகூட இல்லை.

இந்த 99-க்குப் பின்னால் உள்ள வாக்கு சதவீதத்தையும் பார்த்துவிடுங்கள். இடது முன்னணிக்கு சுமார் 45%. காங்கிரஸ் கூட்டணிக்கு சுமார் 39%. பாஜக கூட்டணிக்கு சுமார் 12%. அதாவது 45% வாக்கு 71% இடங்களாக மாறியது. 12% வாக்கு பூஜ்ஜியமாக மாறியது.

இது தேர்தல் முறையின் இயல்பு. தொகுதியில் யார் முதலிடமோ அவருக்கே மொத்த இடமும். இரண்டாவது, மூன்றாவது இடங்களுக்கு எதுவும் கிடையாது. 2006-ல் தேமுதிக 8 சதவீதத்துக்கு மேல் வாக்கு வாங்கியும் விருத்தாசலம் மட்டுமே கிடைத்ததை நினைத்துப் பாருங்கள். 2024 மக்களவைத் தேர்தலில் நாம் தமிழர் கட்சிக்கும் 8 சதவீதத்துக்கு மேல் வாக்கு. இடம் எதுவும் இல்லை.

ஆனால் இடம் கிடைக்காத வாக்கு வீணான வாக்கு என்று முடிவுகட்டிவிடக் கூடாது. அந்த வாக்குதான் பல இடங்களில் யார் ஜெயிப்பது என்பதைத் தீர்மானிக்கிறது. நேமத்துக்குப் போவோம்.

நேமத்தில் நடந்தது என்ன?

2016-ல் நேமத்தில் பாஜகவின் ஓ. ராஜகோபால் 67,813 வாக்குகள் வாங்கினார். சிவன்குட்டி 59,142. காங்கிரஸ் கூட்டணி வேட்பாளருக்கு வெறும் 13,860. வித்தியாசம் 8,671. கேரள சட்டமன்றத்துக்குள் பாஜக நுழைந்தது அதுவே முதல் முறை.

2021-ல் காங்கிரஸ் இந்தத் தொகுதியைச் சும்மா விடுவதில்லை என்று முடிவெடுத்தது. முன்னாள் முதல்வர் கே. கருணாகரனின் மகனும் அப்போது வடகரை எம்.பி.யாக இருந்தவருமான கே. முரளீதரனை இறக்கியது. பாஜகவில் ராஜகோபாலுக்குப் பதில் கும்மனம் ராஜசேகரன்.

முடிவு: சிவன்குட்டி 55,837. கும்மனம் ராஜசேகரன் 51,888. முரளீதரன் 36,524. வித்தியாசம் 3,949.

இப்போது 2016-ஐயும் 2021-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

- இடது முன்னணி: சுமார் 3,300 வாக்குகள் குறைவு
- பாஜக: சுமார் 15,900 வாக்குகள் குறைவு
- காங்கிரஸ் கூட்டணி: சுமார் 22,700 வாக்குகள் அதிகம்

முரளீதரன் ஜெயிக்கவில்லை, இரண்டாவதுகூட வரவில்லை. ஆனாலும் தொகுதியின் முடிவு புரண்டது அவர் வரவால்தான். 2016-ல் காங்கிரஸ் கூட்டணி பலவீனமாக இருந்ததால் போட்டி இருவருக்கிடையே சுருங்கியது. ஜெயிக்க 50-ஐ நெருங்க வேண்டியிருந்தது. 2021-ல் மூன்றாவது ஆள் பலமானதும் முதல் மூவர் வாங்கிய ஒவ்வொரு 100 வாக்கிலும் சுமார் 39 போதுமானதாகிவிட்டது.

மும்முனைப் போட்டியின் முதல் விதி இது. வெற்றிக்கோடு எங்கே இருக்கிறது என்பதை மூன்றாவது இடத்தில் இருப்பவர் நிர்ணயிக்கிறார்.

அப்போ மாநகராட்சியில் பாஜக வென்றது பெரிய அறிகுறியா?

2025 டிசம்பரில் கேரளம் முழுக்க உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. 13-ம் தேதி முடிவுகள் வந்தபோது திருவனந்தபுரம் மாநகராட்சிதான் தேசிய செய்தி. மொத்தம் 101 வார்டுகள். ஒரு வார்டில் வேட்பாளர் இறந்ததால் தேர்தல் தள்ளிப்போனது. மீதி 100-ல் பாஜக கூட்டணி 50, இடது முன்னணி 29, காங்கிரஸ் கூட்டணி 19, சுயேச்சைகள் 2. நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக இடதுசாரிகள் கையில் இருந்த மாநகராட்சி கைமாறியது. டிசம்பர் 26-ல் வி.வி. ராஜேஷ் மேயரானார். கேரளத்தில் பாஜகவின் முதல் மேயர்.

இதைச் சாதாரண விஷயமாக ஒதுக்க முடியாது. அதே சமயம் இதை அப்படியே சட்டமன்றத்துக்கு நீட்டிவிடவும் முடியாது. ஏன் என்பதற்கு இந்த மாநகராட்சியின் பழைய கணக்கே சாட்சி.

2015 மாநகராட்சித் தேர்தலில் பாஜக சுமார் 35 வார்டுகளைப் பிடித்தது. அடுத்த ஆண்டு நேமத்தில் வென்றது. 2020-லும் ஏறக்குறைய அதே 35. ஆனால் அடுத்த ஆண்டு நேமத்தையே இழந்தது. கிட்டத்தட்ட ஒரே எண்ணிக்கை வார்டுகள். ஒரு முறை ஒரு எம்.எல்.ஏ., அடுத்த முறை பூஜ்ஜியம்.

மாநகரின் மற்ற தொகுதிகளின் 2021 நிலவரம் இது:

- வட்டியூர்க்காவு: மார்க்சிஸ்ட் கட்சியின் வி.கே. பிரசாந்த் 21,515 வாக்குகள் வித்தியாசத்தில் வென்றார். இரண்டாவது இடம் பாஜகவின் வி.வி. ராஜேஷ். ஆம், இப்போதைய மேயர்தான்.
- கழக்கூட்டம்: மார்க்சிஸ்ட் கட்சியின் கடகம்பள்ளி சுரேந்திரன் 23,497 வித்தியாசத்தில் வெற்றி. இங்கும் பாஜக இரண்டாவது.
- திருவனந்தபுரம்: இடது முன்னணியின் ஆண்டனி ராஜு 7,089 வித்தியாசத்தில் வெற்றி. இங்கே காங்கிரஸ் இரண்டாவது, பாஜக மூன்றாவது.

மாநகராட்சி எல்லையின் பெரும்பகுதி நேமம், வட்டியூர்க்காவு, திருவனந்தபுரம், கழக்கூட்டம் ஆகிய இந்த நான்கு தொகுதிகளுக்குள்தான் வருகிறது. விழிஞ்ஞம் பக்கம் கோவளம் தொகுதியில் சேரும். எனவே 'தலைநகரில் பாஜக' என்று பேசும்போது, நாம் பேசுவது 140-ல் நான்கைந்து தொகுதிகளைப் பற்றி. மாவட்டத்தின் மற்ற தொகுதிகளுக்கு வேறு கணக்கு உண்டு.

எந்தத் தேர்தலை வைத்துக் கணிப்பது?

கேரள வாக்காளர் ஒவ்வொரு தேர்தலிலும் வேறு கேள்விக்குப் பதில் சொல்கிறார். இதை மறந்தால் கணிப்பு தப்பாகும்.

2019 மக்களவைத் தேர்தலில் காங்கிரஸ் கூட்டணி 20-ல் 19 வென்றது. சட்டமன்றத் தொகுதிவாரியாகப் பார்த்தால் 140-ல் 120-க்கும் மேல் முன்னிலை. அதை நம்பியவர்கள் 2021-ல் ஏமாந்தார்கள், கிடைத்தது 41. அந்த 2019-ல் நேமத்தில் பாஜக முன்னிலையில் இருந்தது. 2021-ல் தோற்றது.

மக்களவைத் தேர்தலில் கேரளத்துப் பலர் 'டெல்லியில் யார்' என்று பார்க்கிறார்கள். வழக்கமாக அரிவாள் சுத்தியலுக்கு ஓட்டுப் போடுபவரில் ஒரு பகுதியினர், அந்தத் தேர்தலில் மட்டும் கைச் சின்னத்துக்குப் போவதுண்டு. சட்டமன்றத்துக்கு வரும்போது திரும்பிவிடுகிறார்கள்.

உள்ளாட்சி முடிவு இதைவிட நல்ல அளவுகோலாக இருந்திருக்கிறது. 2010-ல் உள்ளாட்சியைக் காங்கிரஸ் கூட்டணி வென்றது, 2011-ல் ஆட்சி. 2015-ல் இடது முன்னணி, 2016-ல் ஆட்சி. 2020-ல் இடது முன்னணி, 2021-ல் மீண்டும் ஆட்சி. இப்படிப் பார்த்தால் 2025 டிசம்பரின் மாநில அளவிலான செய்தி காங்கிரஸ் கூட்டணிக்குச் சாதகம். ஆறு மாநகராட்சிகளில் கொச்சி, கொல்லம், திருச்சூர், கண்ணூர் ஆகிய நான்கு அவர்களுக்கு. கோழிக்கோடு இடது முன்னணிக்கு, திருவனந்தபுரம் பாஜகவுக்கு. 941 கிராமப் பஞ்சாயத்துகளில் 500-க்கும் மேல் காங்கிரஸ் கூட்டணி வசம். ஆனால் மாவட்டப் பஞ்சாயத்துகள் 7–7 என்று சமமாகப் பிரிந்தன. ஆக, இடது முன்னணியைக் கணக்கிலிருந்து எடுத்துவிட முடியாது.

ஆக, மாநிலத்தில் போட்டி இடது முன்னணிக்கும் காங்கிரஸ் கூட்டணிக்கும் இடையே. தலைநகரில் போட்டி மூவருக்கிடையே. சிக்கல் இங்கேதான் ஆரம்பிக்கிறது.

ஒரே ஓட்டு, இரண்டு கேள்விகள்

நீங்கள் நேமத்திலோ வட்டியூர்க்காவிலோ வாக்காளர் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் ஒரு ஓட்டு இரண்டு கேள்விகளுக்குப் பதில் சொல்கிறது. மாநிலத்தை யார் ஆள வேண்டும்? இந்தத் தொகுதிக்கு யார் எம்.எல்.ஏ.?

இருமுனைப் போட்டியில் இரண்டுக்கும் ஒரே பதில். மும்முனைப் போட்டியில் இரண்டும் மோதலாம்.

உதாரணமாக, பத்தாண்டு இடதுசாரி ஆட்சி போதும், காங்கிரஸ் வரட்டும் என்று நினைக்கும் ஒருவர். ஆனால் தன் தொகுதியில் பாஜக ஜெயிப்பதையும் அவர் விரும்பவில்லை. அவர் தொகுதியில் காங்கிரஸ் மூன்றாவது இடம் என்றால் என்ன செய்வார்? பாஜகவைத் தடுக்க இடது முன்னணிக்குப் போட்டால், தான் மாற்ற நினைக்கும் ஆட்சிக்கே ஓர் இடம் கூட்டித் தருகிறார். காங்கிரஸுக்கே போட்டால், பாஜகவின் வெற்றிக்கோட்டை இறக்கித் தருகிறார். இதே சங்கடம் இடது முன்னணி ஆதரவாளருக்கும் எதிர்ப்பக்கத்திலிருந்து உண்டு.

பாஜக ஆதரவாளருக்கும் ஒரு சங்கடம் இருக்கிறது. தன் கட்சி 71-ஐ எட்டும் நிலையில் இல்லை என்பது அவருக்குத் தெரியும். அப்படியிருக்க, ஆட்சி மாற்றத்துக்காகக் காங்கிரஸுக்குப் போடுவதா, இல்லை சட்டமன்றத்தில் தன் கட்சியின் குரல் இருக்க வேண்டும் என்று தாமரைக்கே போடுவதா? மாநகராட்சி வெற்றிக்குப் பிறகு இரண்டாவது வழிக்கு முன்பைவிட அதிகம் பேர் போகலாம். 'நம்ம ஆள் ஜெயிக்க முடியும்' என்று நம்பிக்கை வந்தால் ஓட்டு சிதறாது.

யாருக்குப் போட்டால் தடுக்கலாம்? அதுவே தெரியவில்லை

பாஜகவைத் தடுக்க நினைப்பவர்கள் யாராவது ஒருவர் பின்னால் சேர வேண்டும். அதற்கு 'இங்கே பலமானவர் யார்' என்பது எல்லோருக்கும் ஒரே மாதிரி தெரிய வேண்டும். 2021-ல் வட்டியூர்க்காவிலும் கழக்கூட்டத்திலும் அது ஓரளவு தெளிவாக இருந்தது. இரண்டும் இடது முன்னணி கையில் இருந்தவை. அங்கே அவர்கள் இருபதாயிரத்துக்கும் மேல் வித்தியாசத்தில் வென்றார்கள்.

இந்த முறை மூன்று தேர்தல்கள் மூன்று விதமாகப் பேசுகின்றன.

2021 சட்டமன்றத் தேர்தல்: திருவனந்தபுரம் மக்களவைத் தொகுதிக்குள் வரும் ஏழு சட்டமன்றத் தொகுதிகளில் ஆறு இடது முன்னணிக்கு. அதாவது, 'தடுக்கும் சக்தி இடது முன்னணி'.

2024 மக்களவைத் தேர்தல்: காங்கிரஸின் சசி தரூர் 16,077 வாக்குகள் வித்தியாசத்தில் பாஜகவின் ராஜீவ் சந்திரசேகரை வென்றார். இந்திய கம்யூனிஸ்ட் கட்சியின் பன்னியன் ரவீந்திரன் மூன்றாவது. அதே ஏழில் நேமம், வட்டியூர்க்காவு, கழக்கூட்டம் மூன்றிலும் பாஜக முன்னிலை. மற்ற நான்கில் தரூர். இடது முன்னணிக்கு ஒன்றிலும் முன்னிலை இல்லை. அதாவது, 'தடுக்கும் சக்தி காங்கிரஸ்'.

2025 மாநகராட்சித் தேர்தல்: பாஜகவுக்கு அடுத்து இடது முன்னணி 29, காங்கிரஸ் கூட்டணி 19. மீண்டும் இடது முன்னணி முன்னால்; ஆனால் மாநிலம் முழுக்க வீசிய காற்று காங்கிரஸ் பக்கம்.

ஆகவே இரு அணிகளும் 'எங்களுக்குப் போட்டால்தான் தடுக்க முடியும்' என்று பிரசாரம் செய்வார்கள். இருவர் கையிலும் காட்ட ஒரு தேர்தல் முடிவு இருக்கிறது. இரு பக்கமும் பாதிப் பாதி நம்பினால், அந்தப் பிளவால் லாபம் அடைவது மூன்றாமவர்தான்.

தலைநகரில் பாஜகவின் உண்மையான வாய்ப்பு இங்கேதான் இருக்கிறது என்பது என் மதிப்பீடு. அதன் சொந்த வளர்ச்சி பாதிக் காரணம். எதிரே உள்ள இருவரில் யார் பலமானவர் என்ற குழப்பம் மீதிப் பாதி.

நாலு தொகுதிதானே, அதனால் என்ன?

2011-ஐப் பாருங்கள். காங்கிரஸ் கூட்டணி 72, இடது முன்னணி 68. மாநில அளவில் வாக்கு வித்தியாசம் ஒரு சதவீதப் புள்ளிக்கும் குறைவு. வெறும் இரண்டு தொகுதிகள் மாறியிருந்தால் 70–70. உம்மன் சாண்டி அந்த மெல்லிய பெரும்பான்மையோடுதான் ஐந்தாண்டு ஓட்டினார்.

இப்போது அதே மாதிரி நெருக்கமான முடிவை எடுத்துக்கொண்டு, பாஜகவுக்கு மூன்று நான்கு இடங்கள் கிடைப்பதாகக் கற்பனை செய்யுங்கள். 140-ல் 4 போனால் மீதி 136. இரு அணிகளும் தலா 68 என்று நின்றால் யாருக்கும் 71 இல்லை. கேரளத்தில் இப்படி நடக்கவே நடக்காது என்று சொல்ல முடியாது. 1965-ல் யாருக்கும் பெரும்பான்மை கிடைக்காமல் சட்டமன்றம் கூடாமலேயே போனது.

ஒரு அணிக்குத் தெளிவான அலை இருந்தால் இந்த நான்கு இடங்களும் கணக்கில் கரைந்துவிடும். நெருக்கமாக இருந்தால் மட்டுமே இவை திறவுகோல். மஞ்சேஸ்வரத்தில் 2016-ல் பாஜகவின் கே. சுரேந்திரன் தோற்றது வெறும் 89 வாக்குகளில் என்பதையும் நினைவில் வையுங்கள். ஒரு பெரிய அடுக்குமாடிக் குடியிருப்பில் அதைவிட அதிக வாக்காளர்கள் இருப்பார்கள்.

மேடையில் என்ன பேசப்படும்?

இடது முன்னணி நலத்திட்டங்களை முன்வைக்கும். சமூகப் பாதுகாப்பு ஓய்வூதியம் 2025 நவம்பர் முதல் மாதம் 1,600 ரூபாயிலிருந்து 2,000 ஆனது. 2025 மே 2-ல் பிரதமர் நாட்டுக்கு அர்ப்பணித்த விழிஞ்ஞம் துறைமுகம், திருவனந்தபுரத்துக்குக் கிடைத்த பெரிய திட்டம். அதன் பெருமைக்கு மூன்று அணிகளும் உரிமை கோருகின்றன. ஒப்பந்தம் கையெழுத்தானது உம்மன் சாண்டி காலத்தில், கட்டி முடித்தது பினராயி காலத்தில், திறந்து வைத்தது மோடி.

காங்கிரஸ் கூட்டணிக்குப் பெரிய ஆயுதம் பத்தாண்டு ஆட்சி மீதான சலிப்பு. கூடவே மாநிலத்தின் கடன், சபரிமலை தங்கத் தகடு விவகாரம். மாநிலம் எவ்வளவு கடன் வாங்கலாம் என்பதில் கேரள அரசு மத்திய அரசுக்கு எதிராக உச்ச நீதிமன்றம் போனதும், அது 2024-ல் அரசியல் சாசன அமர்வுக்கு அனுப்பப்பட்டதும் இந்த விவாதத்தின் மறுபக்கம்.

பாஜக 'இரண்டு பேரையும் பார்த்துவிட்டீர்கள்' என்று கேட்கும். மாநகராட்சி கையில் இருப்பது அதற்குப் பலமும் கூட, சுமையும் கூட. குப்பை, மழைநீர் தேக்கம், தெருநாய் என்று எந்தப் புகார் வந்தாலும் இனி பதில் சொல்ல வேண்டியது அவர்களும்தான்.

தமிழர்களுக்கு இதில் என்ன?

1956 நவம்பர் 1-ல் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் தமிழ்நாட்டோடு சேரும் வரை, நாகர்கோவிலுக்கும் தலைநகரம் திருவனந்தபுரம்தான். கோடு போட்ட பிறகும் வேலை, படிப்பு, ஆஸ்பத்திரி, கல்யாணம் எல்லாம் எல்லை தாண்டித்தான் நடக்கிறது. பாறசாலை, நெய்யாற்றின்கரை பக்கத்துத் தேர்தல் பேச்சு மார்த்தாண்டத்துக்காரர்களுக்கு அந்நியமாக இருக்காது.

சட்டமன்றத்துக்குள்ளும் தமிழ் கேட்டிருக்கிறது. 2021 மே 24-ல் தேவிகுளம் எம்.எல்.ஏ. ஏ. ராஜா தமிழில் பதவியேற்றார். மொழிபெயர்ப்பில் உறுதிமொழிச் சொல் விடுபட்டிருந்ததால் ஜூன் 2-ல் மறுபடி ஏற்க வேண்டியதாயிற்று. இடைப்பட்ட நாள்களுக்கு அபராதமும் கட்ட நேர்ந்தது. மொழிச் சிறுபான்மையினருக்கு உரிமை இருந்தால் போதாது, அதைச் சரியாகச் செய்து தரும் அலுவலக ஏற்பாடும் வேண்டும் என்பதற்கு அது ஒரு சின்ன உதாரணம்.

நீங்கள் எங்கே வாக்காளர்?

கடைசியாக, நேரடியாக உங்களைத் தொடும் விஷயம். கழக்கூட்டத்தில் வாடகை வீடு, ஓட்டு மட்டும் நாகர்கோவிலிலோ திருநெல்வேலியிலோ. பலருடைய நிலை இதுதான்.

சட்டம் சொல்வது எளிமையானது. நீங்கள் வழக்கமாக எங்கே வசிக்கிறீர்களோ அங்கே வாக்காளர் ஆகலாம். சொந்த வீடு வேண்டியதில்லை, மலையாளம் தாய்மொழியாக இருக்க வேண்டியதும் இல்லை. ஆனால் ஒரே நேரத்தில் இரண்டு தொகுதிகளில் பெயர் இருக்கக் கூடாது. தெரிந்தே பொய்யான உறுதிமொழி கொடுத்தால் ஓராண்டு வரை சிறைத் தண்டனைக்கு இடம் உண்டு. ஏற்கெனவே ஓர் ஊரில் பெயர் இருந்தால் இடமாற்றத்துக்குப் படிவம் 8. முதல்முறை சேர்வதற்கு மட்டும் படிவம் 6. இதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

இரு மாநிலங்களிலும் வாக்காளர் பட்டியலின் சிறப்புத் தீவிரத் திருத்தம் நடந்து, டிசம்பரில் வரைவுப் பட்டியல் வெளியானது. 'அம்மா ஊரில் பார்த்துக்கொள்வார்' என்று விட்டுவிடாமல், உங்கள் அடையாள அட்டை எண்ணைப் போட்டுத் தேர்தல் ஆணைய இணையதளத்தில் நீங்களே பெயரைத் தேடிப் பாருங்கள். ஒரு நிமிட வேலை.

இன்னொன்று. வாக்களிக்கத் தகுதியுள்ள ஊழியருக்கு வாக்குப்பதிவு நாளன்று சம்பளத்துடன் விடுமுறை தர வேண்டும் என்பது மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 135பி பிரிவு. தனியார் நிறுவனங்களுக்கும் பொருந்தும். வேலை ஓர் ஊரில், ஓட்டு வேறு ஊரில் என்றாலும் இந்த உரிமை உண்டு என்று தேர்தல் ஆணையம் தெளிவுபடுத்தியிருக்கிறது. 'எங்க டீமுக்கு லீவ் இல்லை' என்று மேனேஜர் சொன்னால், இந்தப் பிரிவைச் சொல்லி மெயில் போடலாம்.

எதைக் கவனிக்க வேண்டும்?

வேட்பாளர் பட்டியல் வந்ததும் நேமம், வட்டியூர்க்காவு, கழக்கூட்டம் மூன்றிலும் ஒரு விஷயத்தை மட்டும் பாருங்கள்: காங்கிரஸ் கூட்டணி யாரை நிறுத்துகிறது? 2016 நேமம் மாதிரி பெயரளவுக்கா, 2021 முரளீதரன் மாதிரி கனமாகவா? அந்த ஒரு முடிவு மற்ற இருவரின் கணக்கையும் மாற்றும்.

வாக்கு எண்ணும் நாளில் டிவியில் முதலிடத்தையும் வித்தியாசத்தையும்தான் பெரிய எழுத்தில் காட்டுவார்கள். நீங்கள் மூன்றாவது வரியையும் பாருங்கள். இதே பழக்கம் நம்ம ஊர்த் தேர்தலுக்கும் உதவும். விஜய்யின் தமிழக வெற்றிக் கழகமும் நாம் தமிழரும் களத்தில் இருக்கும் தமிழ்நாட்டில் 'அவர்கள் எத்தனை இடம் ஜெயிப்பார்கள்' என்பதுதான் எல்லோரும் கேட்கும் கேள்வி. நேமம் சொல்லித் தருவது வேறு கேள்வி: அவர்கள் ஒவ்வொரு தொகுதியிலும் வெற்றிக்கோட்டை எவ்வளவு இறக்குவார்கள், அதனால் யார் உள்ளே வருவார்?